மான்கொம்பும் பறவைக்கூடு பெரணியும் வீட்டுல ஏன் வாடுது? அறிகுறிய வச்சு கண்டுபிடிக்கிற வழி

தோட்டத்துல செம்பனை, அதான் பாமாயில் எடுக்கிற மரம், அதுல யாரும் தண்ணி ஊத்தல, உரம் போடல, பேரு கூட யாருக்கும் தெரியாது, ஆனா பறவைக்கூடு பெரணி ஒவ்வொண்ணும் ரெண்டு கை விரிச்சா கூட அடங்காத அளவுக்கு வளந்து நிக்குது. அதையே ஒண்ணு கொண்டாந்து தாமான், அதான் குடியிருப்பு, வீட்டு வாசல்ல தொங்கவிட்டா கொஞ்ச மாசத்துல அடி கறுத்து கையோட கழண்டு வந்துடுது. மலேசியாவுல சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம், அதான் பழைய ஆளுங்க இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னே சொல்ற ஊரு, இங்க வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் செடிக்கு வியாதியே இருக்காது. காஞ்சு பழுப்பா இருக்கிறத வியாதின்னு நெனச்சு உரிச்சுப் போடுறாங்க, நெஜமாவே அழுகுறப்ப தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ரெண்டு வாளி ஊத்துறாங்க. ரெண்டுமே தலைகீழ். அதனால மருந்துக் கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி ரெண்டே வேலை செய்ங்க, நம்ம கையில இருக்கிறது எந்த செடின்னு தெரிஞ்சுக்குங்க, அப்புறம் அந்தப் பழுப்ப விரலால தொட்டு மொறுமொறுன்னு இருக்கா கொழகொழன்னு இருக்கான்னு பாருங்க. பாதி பிரச்சினை அங்கயே தீந்துடும்.

இன்னொண்ணும் மனசுல வச்சுக்குங்க. இந்த ஊருக்குப் பக்கத்துல தென்னமரம் தோட்டத்துலதான் 1917ல ஹென்றி ஃபோகோனியேங்கிற பிரெஞ்சுக்காரரு மலாயாவுலயே மொத மொதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டாரு. மரம் மேற்கு ஆப்பிரிக்காவுலேந்து வந்தது, பெரணி நம்ம காட்டு ஜாதி, ஆனா வந்த மரத்துல சொந்த வீடு மாதிரி ஏறி உக்காந்துடுச்சு. ஏன்னா அதுக்கு மரம் எதுன்னு கவலையே கிடையாது, வெட்டின மட்டையோட அடிக்கட்டை மரத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, அந்த இடுக்கு போதும். அதுல சருகு விழும், தூசி சேரும், எறும்பு மண்ணு கொண்டாந்து போடும், மழை பேஞ்சா நல்லா நனையும், நின்னதும் வடிஞ்சுடும், சுத்தி காத்து அடிக்கும். மரத்துலேந்து ஒரு சொட்டு கூட உறிஞ்சாது, அது ஒட்டுண்ணி இல்ல, தங்க எடம் கேக்குற செடி அவ்வளவுதான். வீட்டுல நாம குடுக்க வேண்டியது அந்த இடுக்கத்தான், தோட்டத்து மண்ணு நெரப்பின பானைய இல்ல.

மொதல்ல, கையில இருக்கிறது எது?

நீளமா, பிரிவே இல்லாத ஒத்த இலை, நடுவுல கறுப்பு கலந்த தடிச்ச நரம்பு, எல்லா இலையும் ஒரே எடத்துலேந்து கிண்ணம் மாதிரி விரிஞ்சு வந்தா அது பறவைக்கூடு பெரணி, அஸ்பிளீனியம் நிடஸ். சந்தேகம் இருந்தா முத்தின இலை ஒண்ண திருப்பி கைபேசி லைட்டு அடிச்சுப் பாருங்க, நடு நரம்புலேந்து ஓரத்தப் பாத்து சாய்வா மெல்லிசா பழுப்புக் கோடு கோடா ஓடும், ஓரம் வரைக்கும் போகாது, சுமாரா பாதியிலயே நின்னுடும். அதுதான் ஸ்போர், விதைக்குப் பதிலா பெரணிக்கு அதுதான். கோடு இல்லாம புள்ளி புள்ளியா எறைச்ச மாதிரி இருந்தா அது பறவைக்கூடு இல்ல, மைக்ரோசோரம் வகை, செம்பனையில அதுவும் வரும், தூரத்துலேந்து பாத்தா அச்சு அசலா அதே மாதிரி தெரியும். வளர்ப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால மனசொடிய வேணாம்.

கீழ பழுப்பா காஞ்ச இலை கூடு மாதிரி அடுக்கி, அதுலேந்து பச்சையா சீப்பு மாதிரி கிழிஞ்ச பெரிய இலை எழும்புனா அது டிரைனேரியா. நெறைய பேரு இதத்தான் மான்கொம்புன்னு நெனச்சு கொண்டாந்து வைக்கிறாங்க. தமிழ்நாட்டுல கொல்லிமலைப் பக்கம் முடவாட்டுக்கால் கிழங்குன்னு சூப்பு வைக்க விக்கிறாங்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான், டிரைனேரியா குவெர்சிஃபோலியா. மரத்து மேல ஊந்து போற ரோமம் படிஞ்ச தண்டு, அதத்தான் கிழங்குன்னு சொல்றாங்க.

இப்ப மான்கொம்பு, அதான் பிளாட்டிசீரியம். இங்கதான் கொழப்பம் அதிகம், ஏன்னா நர்சரியில விக்கிறதும் நம்ம மரத்துல இருக்கிறதும் வேற வேற. நம்ம ஊரு மான்கொம்பு கொரோனேரியம், பழைய தூங்குமூஞ்சி மரத்துல, ஆத்தோர மரத்துல வளையம் கட்டுன மாதிரி சுத்தி நிக்கும், மேல கிரீடம் மாதிரி நிமிந்த தகடு, கீழ நாடா நாடாவா பிரிஞ்சு பிரிஞ்சு ஆள் ஒசரத்துக்கும் தாண்டி தொங்குற இலை. இதுல ஸ்போர் இலை நுனியில வராது, தொங்குற இலை மொதல்ல பிரியிற எடத்துக்கிட்ட தனியா சிப்பி மாதிரி ஒரு மடல் வரும், அதோட அடியிலதான் பழுப்பா படியும். இந்த சிப்பிய பாத்துட்டீங்கன்னா வேற எதையும் பாக்க வேணாம்.

நர்சரியில, பாசார் மாலாம்ங்கிற ராத்திரிச் சந்தையில சின்னப் பலகையில கட்டி விக்கிறது பெரும்பாலும் பைஃபர்கேட்டம். இலை சின்னது, சாம்பல் பூத்த பச்சை, கீழ்த்தகடு வட்டமா சட்டி மூடி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், ஸ்போர் இலையோட நுனியிலயே வரும், குட்டி ஏராளமா போடும். ஆஸ்திரேலியாவுல குளுர்லயும் தாங்குற ஜாதி, கொஞ்சம் முரட்டுத்தனம், தப்பு பண்ணாலும் மன்னிக்கும். கொரோனேரியம் அப்படி இல்ல, அது தாழ்நில வெக்கையிலயே பொறந்தது, குளுரும் ஆகாது, அடியில தண்ணி நின்னாலும் ஆகாது.

ரொம்ப அபூர்வமா யாராச்சும் முட்டக்கோஸ் மாதிரி உருண்டையா, தகட்டுல வரி வரியா மேடு தட்டி, இலை தொங்காம நிமிந்து நிக்கிற ஒண்ண காட்டுனா அது ரிட்லியை. 1888ல சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பா வந்து, கித்தா, அதான் ரப்பர் மரத்தக் கொல்லாம பால் வெட்டுற முறையக் கண்டுபிடிச்சு, பாக்கெட்டுல கித்தா வெதையப் போட்டுக்கிட்டு தோட்டக்காரனையெல்லாம் நச்சரிச்சு நட வச்ச அதே ஹென்றி ரிட்லி பேருதான். நம்ம தாத்தா பாட்டி வேலைக்கும் இந்த பெரணிக்கும் ஒரே ஆளு சம்பந்தம். அது உசந்த காட்டு மரத்து உச்சியில, தகட்டுக்குள்ள எறும்பு குடியிருக்க வளருது. வீட்டுல வச்சா அநேகமா செத்துடும், விக்கிறவன் கையில இருக்கிறதும் காட்டுலேந்து பிடுங்குனதாத்தான் இருக்கும். வாங்காதீங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

"கீழ இருக்கிற தகடு முழுக்க பழுப்பாயிடுச்சு"

மான்கொம்புன்னா இது வியாதியே இல்ல. மான்கொம்புக்கு ரெண்டு வித இலை, ஒண்ணு தொங்குற இலை, இன்னொண்ணு மரத்த அணைச்சு நிக்கிற தகடு. தகடு பச்சையா வரும், முழுசா விரிஞ்சதுக்கப்புறம் காஞ்சு காகிதம் மாதிரி ஆயிடும், ஆனா விழாது. அதுக்குப் பின்னாலதான் வேர் இருக்கு, சருகு சேருது, ஈரம் நிக்குது. பழசு மேல புதுசு, புதுசு மேல இன்னொண்ணுன்னு அடுக்கிக்கிட்டே போகும். பழுப்பான தகட்ட உரிக்கிறது வேரோட போர்வைய உருவுற மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது மான்கொம்பையும் சேத்து சுத்தம் பண்ணிட்டாங்க, பாக்க பளிச்சுன்னுதான் இருந்துச்சு, பொங்கல் வரைக்கும் தாங்கல.

தொட்டுப் பாருங்க. மொறுமொறுன்னு, வெளிர் பழுப்பா, மேல தட்டினா சத்தம் வந்தா விட்டுடுங்க. பச்சைத் தகட்டு நடுவுல கறுப்பா, ஈரமா, ஓரம் மங்கலா பரவுற திட்டு இருந்தா அது வேற கதை, அது பூஞ்சை, அதிக ஈரத்துல வரும். தண்ணியக் கொறைங்க, காத்து படுற எடத்துக்கு மாத்துங்க, பெரும்பாலும் அதுக்கு மேல பரவாம நின்னுடும்.

இலை மேல வெள்ளையா மாவு பூத்த மாதிரி இருக்கிறதும் வியாதி இல்ல. நகத்தால சுரண்டினா போயிடும், ஆனா சுரண்டாதீங்க. அது நட்சத்திர வடிவத்துல இருக்கிற நுண்ணிய ரோமம், தண்ணி ஆவியாகிப் போறதக் கொறைக்கிறதுக்குன்னு செடியே போட்டுக்கிட்டது. துணி வச்சு தொடைக்கிறது, பளபளப்புக்கு எண்ணெய் தடவுறதெல்லாம் மான்கொம்புக்குக் கூடாது. புகைமூட்டம் வந்து தூசி படிஞ்சா கூட மேலேந்து தண்ணி தூவி விட்டா போதும்.

"இலைக்கு அடியில பழுப்பா என்னமோ ஒட்டியிருக்கு, பூச்சியா?"

ஒழுங்கா இருக்கா ஒழுங்கில்லாம இருக்கான்னு மட்டும் பாருங்க. பறவைக்கூடுல சாய்வா ஒரே இடைவெளியில கோடு கோடா இருந்தா ஸ்போர். பைஃபர்கேட்டம் நுனியில வெல்வெட்டு மாதிரி பழுப்புப் படலம் இருந்தா அதுவும் ஸ்போர். இதுக்குப் போயி மருந்தடிச்சவங்க நெறைய பேரு.

ஆனா ஒரு எடத்துல கூட்டமா, ஒரு எடத்துல ஒண்ணு ரெண்டா, இலையோட மேல்பக்கமும் தண்டுலயும் சின்ன சின்ன செதில் ஒட்டியிருந்து, நகத்தால நெம்புனா ஒவ்வொண்ணா கழண்டு வந்தா அது செதில்பூச்சி. பெரணியில வர்றதுல ஆண் பூச்சியோட ஓடு வெள்ளையா தேங்காத்துருவல் எறைச்ச மாதிரி தெரியும், பெண்ணு பழுப்பு. இலை மேல பிசுபிசுன்னு இருந்து எறும்பு ஓடிக்கிட்டே இருந்தா அது மாவுப்பூச்சியா, இல்ல தேன் கசியிற வேற ஜாதி செதில்பூச்சியா இருக்கும், அந்தத் தேனுக்குத்தான் எறும்பு காவல் காக்கும், அதனால எறும்போட வரிசையப் பின்தொடந்து போனா பூச்சி எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும்.

பறவைக்கூடுன்னா பழைய பல் தேய்க்கிற பிரஷ்ல லேசா சோப்புத் தண்ணி தொட்டு தேச்சு எடுக்கலாம், அப்புறம் நல்ல தண்ணியில கழுவிடுங்க, வாரம் ஒரு தடவ திரும்பத் திரும்ப செய்யணும், ஒரே தடவையில போகாது. மான்கொம்புன்னா தேய்க்க முடியாது, ரோமம் போயிடும், அதனால ரொம்ப மோசமான இலைய வெட்டிடுங்க, மிச்சத்துல பஞ்சு நுனியில தொட்டுத் தொட்டு எடுங்க. எண்ணெய் கலந்த மருந்து எதுவும் மான்கொம்பு மேல அடிக்காதீங்க, வேப்பெண்ணெயா இருந்தாலும்.

"அடி கறுத்து கொழகொழன்னு இருக்கு, நாத்தம் வருது"

இதுதான் உண்மையான ஆபத்து, இங்கதான் சாவு நடக்குது. காரணம் எப்பவும் ஒண்ணுதான், தண்ணி நிக்குது, காத்து போகல. பானையில தோட்டத்து மண்ணு போட்டு இறுக்கி நட்டிருப்பாங்க, இல்லன்னா பலகைக்கும் செடிக்கும் நடுவுல ஈரம் பிடிக்க வைக்கிற பாசிய அமுக்கி அமுக்கி வச்சிருப்பாங்க, இல்லன்னா கட்டும்போது நடுக்கண்ணையே பாசிக்குள்ள பொதைச்சிருப்பாங்க. நடுக்கண்ணுன்னு சொல்றது புது இலை எழும்புற முனை, மான்கொம்புல தகட்டுக்கு நடுவுல ரோமம் போத்துன சின்ன மொட்டு மாதிரி இருக்கும், பறவைக்கூடுல கிண்ணத்தோட நடு.

அந்தக் கண்ண விரலால மெதுவா அமுக்கிப் பாருங்க. உறுதியா இருந்தா காப்பாத்தலாம். உள்ள போச்சுன்னா, தொட்ட கையில சாறு மாதிரி ஒட்டுனா, பறவைக்கூடுன்னா முடிஞ்சு போச்சு, அதுக்கு வளர்ற முனை ஒண்ணே ஒண்ணுதான், வேற எடத்துலேந்து துளிர்க்காது. மான்கொம்பு கொத்தா இருந்தா அழுகுனத மட்டும் வெட்டி எடுத்துட்டு பக்கத்துக் குட்டிங்கள பிரிச்சுக் காப்பாத்தலாம்.

காப்பாத்துறதுன்னா இப்படி. கீழ எறக்குங்க, ஈரப்பாசி, மண்ணு எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடுங்க. பிளேட ஸ்பிரிட்டுல தொடச்சுட்டு கறுத்த பாகத்த நல்ல பாகம் தெரியிற வரைக்கும் வெட்டுங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்ப தொடைங்க, இல்லன்னா நாமே பரப்பி விட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் தண்ணி படாம நெழல்ல காத்தாட ரெண்டு மூணு நாளு தலைகீழா கூட தொங்க விடலாம், வெட்டின எடம் காஞ்சு இறுகணும். இது வரைக்கும் எல்லாரும் செய்றாங்க, அடுத்ததுலதான் அவசரப்படுறாங்க, ஐயோ காஞ்சு போச்சேன்னு ஓடி வந்து ஊத்துறது. ஊத்தாதீங்க, பெரணி காயிறதுலேந்து மீண்டு வரும், அழுகுறதுலேந்து வராது.

திரும்பக் கட்டும்போது தேங்கா மட்டை நல்லது, கெடைக்கவும் லேசு. ஆனா பச்சை மட்டைய நேரா வைக்காதீங்க, ஊற வச்சு அந்தப் பழுப்புத் தண்ணிய கொட்டி கொட்டி தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் ஊற வைங்க. பாக்கிஸ் பலகை, அதான் மரப்பெரணித் தண்டுல அறுத்தது, பழைய நர்சரியில கெடைக்கும், நல்லா வேலை செய்யும்தான், ஆனா அந்த மரப்பெரணி சைட்டீஸ்ங்கிற, காட்டு உயிர் வியாபாரத்தக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கிற செடி, காட்டுல வெட்டிதான் கொண்டாராங்க, தேங்கா மட்டை இருக்கும்போது அது எதுக்கு. கட்டுறதுக்கு தூண்டில் நரம்பு போதும், மீன் சாமான் கடையில தங்சின்னு கேட்டா குடுப்பாங்க. செம்புக் கம்பி மட்டும் வேணாம், செம்பு பெரணிக்கு விஷம், செம்பு கலந்த பூஞ்சை மருந்தும் அதே மாதிரிதான்.

பானையிலதான் வைப்பேன்னா மண்ணே வேணாம், மரக்கரி, தேங்கா மட்டைத் துண்டு, ஒடஞ்ச ஓடு, இது போதும். அடியில தட்டு வைக்காதீங்க. அழுகல் ஒரு பக்கம், தட்டுல நிக்கிற தண்ணியில டெங்கி பரப்புற ஏடிஸ் கொசுப் புழு இருந்தா சுகாதார இலாகா ஆளுங்க சம்மன் குடுத்துட்டுப் போயிடுவாங்க.

"மரத்துலேந்து எடுத்து வந்ததும் எல்லா இலையும் தொங்கிடுச்சு"

பிச்சு எடுத்திருப்பீங்க, அதான். வேர் பாதிக்கு மேல மட்டையோட இடுக்குலயே நின்னுடுச்சு, இலை மட்டும் அத்தனையும் இருக்கு, தண்ணி எங்கேந்து வரும். வெளி இலையில பாதிய அடியோட வெட்டிடுங்க, மனசு வராதுதான், ஆனா வெட்டணும். நெழல்ல, காத்து கம்மியா இருக்கிற எடத்துல வச்சு லேசா தூவிக்கிட்டே இருங்க. நடுவுல சுருண்ட புது இலை தலை தூக்குனா பொழைச்சுடுச்சு.

எடுக்கிறதுக்கு நல்ல நேரம் மறுநடவு. செம்பனைய சுமார் 25 வருஷத்துல சாய்ச்சுட்டு புதுசு நடுவாங்க, சாய்ச்ச மரத்த இயந்திரம் சீவி சீவி போட்டுடும், அதோட பெரணியும் போயிடும். அதுக்கு முன்னால ஆபீஸ்ல கேட்டுட்டுப் போனா பெரும்பாலும் எடுத்துக்கோன்னுடுவாங்க. செடிய பிச்சு எடுக்காம மட்டைக்கட்டையோட சேத்து அறுத்துக்கிட்டு வாங்க, அப்படியே செவுத்துல மாட்டிடலாம், செடிக்கு எடம் மாறினதே தெரியாது. வீட்டுக்குள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணியில முக்கி அரை மணி நேரம் வைங்க, பூரான், எறும்பு எல்லாம் வெளிய வந்துடும். லங்சுயார் பேய் உக்காருற செடின்னு பாட்டிங்க பறவைக்கூட்ட வீட்டுக்குள்ள விடமாட்டாங்க, எனக்கு பேயவிட பூரான்தான் பயம். காட்டு ரிசர்வ்ல மட்டும் கை வைக்காதீங்க, அங்க அனுமதி இல்லாம எடுக்கிறது குத்தம்.

"நுனி மட்டும் காஞ்சு போவுது"

மட்டைய, பலகையத் தூக்கிப் பாருங்க. கனமே இல்லன்னா தண்ணி பத்தல, வாளியில பத்து நிமிஷம் முக்கி எடுத்து வடிய விடுங்க. வெயில் காலத்துல தெனம் ஒரு தடவ கூட வேணும், சாயங்காலம் சாயங்காலம் மழை பேயிற மாசத்துல வெளிய தொங்குற செடிக்கு ஒண்ணுமே வேணாம். கால அட்டவணை போட்டு ஊத்தாதீங்க, கனத்த வச்சு ஊத்துங்க.

கனம் சரியா இருந்தும் நுனி கருகுதா, மட்டை மேல வெள்ளையா உப்புப் படிஞ்சிருக்கா, அப்ப உரம். தோட்டத்துக் குடும்பங்கள்ல இது சகஜம், வீட்டுல மிச்சம் இருந்த செம்பனை உரம், அந்த செவப்பு பொட்டாஷ், இல்ல நீல 12:12:17 கலப்பு உரம், ஒரு பிடி எடுத்து கிண்ணத்துக்குள்ள போட்டுடுவாங்க. செம்பனை வேருக்கும் இந்த வேருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். குருணைய பொறுக்கி எடுங்க, நல்ல தண்ணிய திரும்பத் திரும்ப ஊத்தி கழுவி விடுங்க. உரம் குடுத்தே ஆகணும்னா இலை உரத்த பாக்கெட்டுல போட்டிருக்கிற அளவுல கால் பங்கு கலந்து மாசம் ஒரு தடவ தூவுங்க. வாழைப்பழத் தோல மான்கொம்பு தகட்டுக்குள்ள செருகுறது ஒரு பழக்கமாவே இருக்கு, தோல் அழுகும், பழ ஈ வரும், எறும்பு வரும், அதோட தகடும் சேந்து அழுகும். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல.

"இலை வெளுத்துப் போச்சு" / "கரும்பச்சையா துவண்டு தொங்குது"

வெளுப்பு, நடுவுல எரிஞ்ச மாதிரி காஞ்ச திட்டுன்னா மத்தியான வெயில். காலை வெயில் நல்லது, மேற்குப் பக்க வெயில் ஆகாது, வேற எடம் இல்லன்னா கறுப்பு வலை கட்டுங்க. வெயிலே படல ஆனா காயுதுன்னா தலைக்கு மேல பாருங்க, ஜிங்க் கூரைக்கு ஒட்டுனாப்ல தொங்குதா? கூரைச் சூட்டுல வெந்து போவுது, ரெண்டு முழம் எறக்கிக் கட்டுங்க. கரும்பச்சையா நீண்டு துவண்டா வெளிச்சம் பத்தல, வீட்டு ஹால்ல வச்சிருப்பீங்க.

"பறவைக்கூடுல கறுப்புப் பட்டை பட்டையா வருது"

இதக் கவனமா பாருங்க. நடு நரம்புலேந்து ஓரத்துக்கு, பக்க நரம்பு போற அதே சாய்வுல, ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரான விளிம்போட கரும்பழுப்பு பட்டை வந்தா, அதுவும் அடி இலையிலேந்து ஆரம்பிச்சு மேல போனா, அது இலை நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு, இலைக்குள்ளயே வாழுது, நரம்பத் தாண்ட கஷ்டம்ங்கிறதாலதான் அந்த நேர்க்கோடு. ஈர இலை மேல நீந்தி அடுத்த இலைக்குப் போகும். அதனால தண்ணிய வேர்ப்பக்கம் மட்டும் ஊத்துங்க, இலை நனையக் கூடாது. பட்டை வந்த இலைய அடியோட வெட்டி பிளாஸ்டிக் பையில கட்டி குப்பைக்குப் போடுங்க, செடிக்கு அடியிலயே போட்டுடாதீங்க. புது இலையிலயும் திரும்ப வந்தா மனசக் கல்லாக்கிக்கிட்டு செடியையே தூக்கிப் போட்டுடுங்க, பக்கத்துல இருக்கிறதாவது தப்பிக்கும்.

பட்டையா இல்லாம கண்ணாடி மாதிரி ஊறுன சின்னப் புள்ளி, வெளிச்சத்துல பிடிச்சா ஊடுருவித் தெரியுது, ரெண்டு மூணு நாளுல பெரிசாகி அழுகுதுன்னா அது பாக்டீரியா. அந்த இலைய ஒடனே எடுத்துடுங்க, செடிங்க நெருக்கியடிச்சு நிக்கிறத விலக்கி வைங்க, மேலேந்து தண்ணி அடிக்கிறத நிறுத்துங்க. மருந்து தேடி அலையிறத விட இதுதான் பலன் குடுக்கும்.

"புது இலை கோணலா, சுருங்கி, மஞ்சளா வருது"

அலை அலையா நெளிஞ்ச இலை, எல்லா இலையும் ஒரே மாதிரி, தொட்டா உறுதியா இருந்தா அது ஜாதியே அப்படி, நர்சரியில நெளி இலை வகை விக்கிறாங்க. ஆனா பழைய இலை நல்லா இருந்து, புதுசு மட்டும் முறுக்கிக்கிட்டு, வெளிறி, வளராம நின்னுட்டா, கடந்த சில வாரத்துல பக்கத்துல மருந்தடிச்சாங்களான்னு கேளுங்க. வீட்டுக்குப் பின்னாலயே செம்பனை இருக்கிற நமக்குத்தான் இந்தத் தொல்லை. கிளைஃபோசேட்ங்கிற களைக்கொல்லி காத்துல வந்தா மெதுவாத்தான் காட்டும், மொதல்ல மஞ்சள், அப்புறம் புது இலை கோணல். அதவிட மோசம் மெட்சல்ஃப்யூரான், தோட்டத்துல பெரணிக் களைய அழிக்கிறதுக்குன்னே கலக்குறது, எக்டருக்கு சில கிராம்தான் போடுவாங்க, அந்த அளவே பெரணியக் கொல்லப் போதும், அப்ப ஒரு தூறல் பட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க. முன்னெல்லாம் பாராகுவாட்ங்கிற களைக்கொல்லின்னா இலையில சுட்ட மாதிரி பொட்டுப் பொட்டா ஒரே நாளுல தெரிஞ்சுடும், அது 2020 ஜனவரியிலேந்து இங்க தடை.

அன்னிக்கே தெரிஞ்சா நெறைய தண்ணி ஊத்தி கழுவிடுங்க. நாள் ஆயிடுச்சுன்னா செய்ய ஒண்ணும் இல்ல, உரம் போடாதீங்க, காத்திருங்க, அடுத்தடுத்து வர்ற இலை கொஞ்சம் கொஞ்சமா நேராச்சுன்னா பொழைச்சுடும். முக்கியமா ஒண்ணு, களைக்கொல்லி அடிச்ச முதுகு பம்புல இலை உரம் கலக்காதீங்க. எங்க பெரியப்பா ரொம்ப வருஷம் மருந்து வேலை செஞ்சவரு, வீட்டுச் செடிக்குன்னு தனியா சின்ன பம்பு ஒண்ணு சிவப்பு டேப்பு சுத்தி வச்சிருப்பாரு, வேற யாரும் அதத் தொடக் கூடாது.

"துளிர யாரோ கடிச்சிருக்காங்க"

வழவழன்னு தடம் இருந்தா நத்தை, ராத்திரி டார்ச்சோட போனா கையோட பிடிக்கலாம், பெரிய ஆப்பிரிக்க நத்தைய வெறுங்கையில தொடாதீங்க, கையுறை போட்டு எடுங்க. தடம் இல்லன்னா வெட்டுக்கிளி இல்ல கம்பளிப்பூச்சி. கிண்ணத்துக்குள்ள சேந்த சருக வழிச்சு எடுக்க வேணாம், அதுதான் பறவைக்கூட்டுக்கு சாப்பாடு, நத்தை ஒளியிற அளவுக்கு நெறைஞ்சா மட்டும் கொஞ்சம் கொறைங்க. கிண்ணத்துல வேற செடி மொளைச்சா, முக்கியமா அத்தி, ஆல் ஜாதி, சின்னதுலயே வேரோட பிடுங்கிடுங்க, விட்டா பெரணிய நெருக்கிடும்.

"குட்டியே வர மாட்டேங்குது"

பறவைக்கூடுன்னா குட்டிய எதிர்பாக்காதீங்க, அது ஸ்போர்லதான் பெருகும். மான்கொம்புல பைஃபர்கேட்டம், கொரோனேரியம் ரெண்டும் குட்டி போடும், ஆனா கொரோனேரியத்துக்கு ஊந்து போக எடம் வேணும், உள்ளங்கையளவு பலகையில கட்டி வச்சா எங்க போகும், பெரிய பலகைக்கு மாத்துங்க. தகடு விசிறி மாதிரி பிரம்மாண்டமா, தனியா ஒண்ணே ஒண்ணு நிக்குதுன்னா அது சூப்பர்பம் இல்ல கிராண்டே, நர்சரியில ரெண்டையும் ஒரே பேருல விக்கிறாங்க. ஆயுசுக்கும் குட்டி வராது. ரெண்டுக்கும் வித்தியாசம் ஸ்போர்ல தெரியும், ஒரு தொங்குற இலையில ஒரே பெரிய திட்டுன்னா ஆஸ்திரேலியா சூப்பர்பம், ரெண்டு திட்டுன்னா பிலிப்பைன்ஸ் கிராண்டே. சின்னச் செடியில ஸ்போரே வராது, அதனால கடைக்காரர் சொல்றத வச்சு காசு குடுக்காதீங்க.

குட்டி வந்ததும் பிரிக்க அவசரப்பட வேணாம். அதுக்குன்னு சொந்தத் தகடு வந்து உள்ளங்கை அகலம் ஆகட்டும். தகட்டுக்குப் பின்னால கத்திய உள்ள விட்டு, கொஞ்சம் வேரும் பழைய தகடும் சேந்து வர்ற மாதிரி அகலமா அறுங்க, கண்ணு மேல நரம்பு படாம புது மட்டையில அழுத்திக் கட்டுங்க, நெழல்ல வைங்க. புதுத் தகடு வந்து அந்த நரம்ப மூடுச்சுன்னா வேர் பிடிச்சுடுச்சு, அதுக்கப்புறம் வெளிச்சத்துக்கு மாத்தலாம்.